மழைக்கும் காற்றுக்கும் நடுவே பிவ்வி பை: ஸ்காட்லாந்து மலையேறிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ரக்சாக்கைத் தூக்கிக்கொண்டு வடக்கே ரயிலேறிவிடுவது வழக்கம். டென்ட் எடுத்துப் போவதில்லை, பிவ்வி பையில்தான் படுக்கிறேன் என்று சொன்னதிலிருந்து லண்டனிலும் பெங்களூரிலும் இருக்கும் நண்பர்கள் விடாமல் கேள்வி கேட்கிறார்கள். தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதெல்லாம் வானம் கெட்டுக் கிடக்கும் நாட்களுக்கானது. நல்ல வானிலையில் எதில் படுத்தாலும் தூக்கம் வரும்.

பிவ்வி பை என்பது என்ன?

தலையணைக்கு உறை போடுகிறோம் இல்லையா, அதுபோல ஸ்லீப்பிங் பேக்குக்குப் போடும் உறை. தண்ணீர் புகாத துணியில் தைத்திருப்பார்கள். கூரையில்லாமல் வெளியில் இரவைக் கழிப்பதற்கு ‘பிவுவாக்’ என்று பெயர், அதன் சுருக்கம்தான் பிவ்வி. சாதாரணப் பை 400 முதல் 700 கிராம் இருக்கும். தலைப் பக்கம் ஒரு வளைகம்பி வைத்து, துணி முகத்தில் படாமல் தூக்கி நிறுத்தும் வகையும் உண்டு; அது ஒரு கிலோவைத் தொட்டுவிடும். பிரிட்டிஷ் ராணுவம் கழித்துவிட்ட கோர்டெக்ஸ் பைகள் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. கனம்தான், ஆனால் முரட்டு உழைப்பு உழைக்கும்.

வெள்ளித்தாள் போலப் பளபளக்கும் அவசரப் பைகளை இதோடு சேர்க்காதீர்கள். கால் முறிந்து ஆள் வரும்வரை உயிரைப் பிடித்து வைக்க அவை உதவும். தூங்குவதற்கு ஆகாது.

ஒரு கிலோவுக்குள்ளேயே டென்ட் கிடைக்கிறதே, பிறகு எதற்கு இது?

நியாயமான கேள்வி. எடைக்காக மட்டும் என்றால் பிவ்வி வாங்காதீர்கள். பை 500 கிராம், மழைக்கு மேலே கட்டும் தார்ப்பாய் 400, முளைகளும் கயிறும் 100 என்று கூட்டிப் பாருங்கள், கணக்கு டென்ட்டிலேயே வந்து நிற்கும்.

எனக்கு இது பிடித்ததற்குக் காரணம் இடம். ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அகலம் இருந்தால் போதும். ஹெதர் புதர்களுக்கு நடுவே, பாறையின் காற்று மறைவில், பைன் மரத்து வேர்களுக்கிடையே என்று டென்ட் நிற்கவே முடியாத இடங்களில் உடலை நுழைத்துவிடலாம். தரையோடு தரையாகக் கிடப்பதால் காற்று பிடித்து இழுக்க ஒன்றுமில்லை. நள்ளிரவில் கம்பு முறியுமோ என்ற பயமும் இல்லை. மற்றபடி, உட்கார்ந்து சட்டை மாற்ற இடம் கிடையாது. மழை நாளில் பதினான்கு மணி நேரம் படுத்தே கிடக்க வேண்டியிருக்கும். அது எல்லோருக்கும் ஒத்துவராது.

மழை பெய்தால் உள்ளே நனையுமா?

நனையும். மழையால் நனைவதைவிட உங்களாலேயே அதிகம் நனையும்.

இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது மூடியின் அடியில் நீர் முத்து முத்தாகத் தொங்குமே, பைக்குள் நடப்பதும் அதேதான். தோலிலிருந்தும் மூச்சிலிருந்தும் ஒரு நாளைக்குச் சுமார் 800 மில்லி தண்ணீர் நாம் அறியாமலே ஆவியாகப் போகிறது. ஓர் இரவுக்கு ஒரு டம்ளருக்கு மேல் வரும். குளிர்ந்த துணியில் பட்டதும் அது மறுபடி நீராகிறது.

‘அதுதான் மூச்சு விடும் துணியாயிற்றே’ என்பார்கள். கோர்டெக்ஸ் போன்றவை டெஃப்லான் வகைப் பொருளை இழுத்து மெல்லிய சவ்வாக்கிச் செய்தவை; அந்த இழுக்கும் வித்தை 1969-இல் கண்டுபிடிக்கப்பட்டது. சவ்வின் நுண்துளைகள் ஆவியை விடும், நீர்த்துளியை விடாது. ஆனால் உள்ளே ஈரமும் சூடும் அதிகமாக, வெளியே குறைவாக இருந்தால்தான் ஆவி வெளியே தள்ளப்படும். ஸ்காட்லாந்தில் அடைமழை பெய்யும் இரவில் வெளிக்காற்றும் ஈரத்தில் ஊறிக் கிடக்கும். துணியின் மேற்பரப்பில் தண்ணீர் படலமாகப் படர்ந்துவிட்டால் துளைக்கு வழியே இல்லை. துணி எவ்வளவு ஆவியை விடும் என்று கடைக்காரர் சொன்ன எண்ணெல்லாம் ஆய்வுக்கூடத்தோடு சரி.

ஆகவே முதல் விதி: மூச்சைப் பைக்குள் விடாதீர்கள். வாயும் மூக்கும் வெளியே இருக்கட்டும், கழுத்துவரை இழுத்து மூடிக்கொள்ளுங்கள், தலைக்குக் கம்பளிக் குல்லா. நான் முதல் தடவை இதைச் செய்யவில்லை. காரூர் ஸ்டேஷனில் இறங்கினேன். 408 மீட்டர் உயரத்தில், பொதுச் சாலையே எட்டாத ரயில் நிலையம் அது. ரான்னக் மூர் சதுப்பின் ஓரம், அக்டோபர் மாதம். குளிருக்குப் பயந்து ஜிப்பை உச்சி வரை இழுத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் என் இறகு ஸ்லீப்பிங் பேக் நனைந்த கோழி மாதிரி இருந்தது. வெளியே மழையே பெய்திருக்கவில்லை.

முழுக்க மூடுவதில் மூச்சுத் திணறும் ஆபத்தும் உண்டு. கையகலத் திறப்பாவது எப்போதும் இருக்க வேண்டும்.

அப்படியானால் முகத்தில் மழை விழுமே?

அதற்குத்தான் தார்ப்பாய். பிவ்வி பை மட்டும் போதும் என்று சொல்பவர்கள் மழை இல்லாத ஊரில் இருக்கிறார்கள், அல்லது ஒரே ஒரு இரவு படுத்துப் பார்த்தவர்கள். என் கணக்கில் பையும் தார்ப்பாயும் சேர்ந்து ஒரே சாமான். கனமான பையும் சின்னத் தார்ப்பாயும் வாங்குவதைவிட, லேசான பையும் பெரிய தார்ப்பாயும் வாங்குவது மேல். மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் இருந்தால் தாராளம். அதற்கடியில் நனையாமல் சமைக்கலாம், சட்டை மாற்றலாம், சும்மா உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்.

கட்டும் விதம் காற்றைப் பொறுத்தது. நம் வீடுகளில் சுவரை ஒட்டிச் சாய்ப்பு இறக்குவோமே, கெட்ட வானிலையில் அதுதான் நம்பகமானது. காற்று வரும் பக்கத்து விளிம்பைத் தரையோடு முளையடித்து, மறுபக்கத்தை நடைக்கம்பு இரண்டால் தூக்கி நிறுத்துங்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம். சிலிக்கான் பூசிய நைலான் ஈரமானால் தொய்யும். கட்டியதும் இறுக்கமாக இருந்தது அரை மணியில் தொட்டில் போலத் தொங்கும். படுப்பதற்கு முன் ஒருமுறை கயிற்றை இழுத்துக் கட்டினால், நடுராத்திரி முகத்தில் ஈரத்துணி ஒட்டாது. மரத்தில் கட்டினால் கயிறு வழியே தண்ணீர் ஓடிவந்து உள்ளே சொட்டும். கயிற்றில் ஒரு துண்டு நூல் முடிந்து தொங்கவிடுங்கள், தண்ணீர் அதில் வடிந்துவிடும்.

மழையில் பைக்குள் ஏறுவது எப்படி?

யாரும் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. இரவு முழுக்கக் காய்ந்து கிடப்பதும் நனைந்து கிடப்பதும் அந்த ஐந்து நிமிடத்தில் தீர்மானமாகிவிடும்.

நான் செய்வது இதுதான். மழை உடையைக் கழற்றாமலே முதலில் தார்ப்பாயைக் கட்டிவிடுவேன். அது நனையலாம், நானும் நனையலாம், ரக்சாக் மட்டும் மூடியே இருக்கும். கூரை நின்ற பிறகுதான் ரக்சாக்கைத் திறப்பது. அடியில் விரிக்கும் மேட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் வீட்டிலேயே பிவ்வி பைக்குள் நுழைத்துச் சுருட்டப்பட்டிருக்கும். அதைத் தனியாக ஒரு தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருப்பேன், அப்படியே உருட்டி விரித்தால் வேலை முடிந்தது. பிறகு பூட்ஸோடு பையின் வாய்ப்பக்கம் உட்கார்ந்து, மழைக்கால்சட்டையை முழங்கால்வரை இறக்கி, பூட்ஸைக் கழற்றி, காலை மட்டும் உள்ளே விடுவேன். இடுப்புக்குக் கீழே நான் இப்போது காய்ந்த பகுதியில் இருக்கிறேன். அப்புறம் ஜாக்கெட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வராதபடி மடித்து, தலைமாட்டில் பைக்கு வெளியே வைப்பேன். நனைந்த ஒரு பொருளும் உள்ளே போகாது, காலுறை உட்பட. காய்ந்த காலுறை ஒரு ஜோடி ஸ்லீப்பிங் பேக்கின் அடியிலேயே குடியிருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு எக்காரணம் கொண்டும் நடப்பதில்லை.

பூட்ஸ் பிளாஸ்டிக் பையில் கட்டித் தலைமாட்டில். உறைபனி இருக்கும் என்றால் அந்தப் பையோடு காலடியில் உள்ளே. விறைத்த பூட்ஸில் காலை நுழைக்கும் சுகம் எதிரிக்கும் வேண்டாம்.

எந்த இடத்தில் படுப்பது?

பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே தேட ஆரம்பியுங்கள். இருட்டில் எல்லா இடமும் சமதளமாகத்தான் தெரியும்.

பள்ளம் பார்த்ததும் காற்று மறைவு என்று மனம் போகும். ஆனால் குளிர்காற்று கனமானது, இரவில் வழிந்துவந்து பள்ளத்தில்தான் தேங்கும். மழை பெய்தால் தண்ணீரும் அங்கேதான். ஓடைக்கரையும் வேண்டாம். ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியில் ஓடைகள் சில மணி நேர மழைக்கே பொங்கிவிடும், மாலையில் தாண்டிய ஓடையைக் காலையில் தாண்ட முடியாமல் போகும். கணவாயின் உச்சியும் வேண்டாம், புனல் வழியே ஊற்றினாற்போல் காற்று அங்கே நெருக்கிக்கொண்டு வரும். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து கொஞ்சம் மேலேறி, சரிவில் திண்ணை போல நீண்டிருக்கும் இடமே நல்லது.

ஸ்காட்லாந்தில் தரை ஏமாற்றும். பச்சைப் பசேலென்று மெத்தைபோல இருப்பது பெரும்பாலும் ஸ்பாக்னம் பாசி. தண்ணீர் குடித்த பஞ்சு. முழங்கால் போட்டு அழுத்திப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் துணி ஈரமானால் எழுந்து நடங்கள். பழுப்பு நிறப் புல்லும் ஹெதரும் இருக்கும் மேடு பரவாயில்லை. பைன் காட்டில் படுப்பதென்றால் முதலில் அண்ணாந்து பாருங்கள், பட்டுப்போன கிளை தலைக்கு மேல் இருக்கக் கூடாது. மழை நின்ற பிறகும் மரம் ஒரு மணி நேரம் சொட்டிக்கொண்டே இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கால் காற்றுக்கு எதிராக, தலை மறைவுப் பக்கம், தலைப்பக்கம் இம்மியளவு மேடு. இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் காற்று, ஆனாலும் ராத்திரியில் திசை மாறுமா என்று முன்னறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு மோசமான வானிலை வரை தாங்கும்?

பை எதையும் தாங்கும். தாங்க வேண்டியது நீங்கள்.

மலைகளுக்கென்றே தனி வானிலை அறிவிப்பு இருக்கிறது. மவுன்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸ், மெட் ஆபீஸ் இரண்டையும் நான் பார்ப்பேன். ஊருக்கான அறிவிப்பை வைத்து மலை ஏறாதீர்கள். சராசரியாக 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.65 டிகிரி குறையும். கடல்மட்டத்தில் இருக்கும் ஃபோர்ட் வில்லியமில் 8 டிகிரி என்றால், தலைக்கு மேலே 1,345 மீட்டரில் நிற்கும் பென் நெவிஸ் உச்சியில் பூஜ்யத்துக்குக் கீழே. காற்றைப் பற்றிச் சொல்ல ஒரே ஓர் எண் போதும்: 1986 மார்ச்சில் கேர்ன்கார்ம் மலை உச்சியில் மணிக்கு 173 மைல் பதிவானது, அதாவது சுமார் 278 கிலோமீட்டர். உச்சிகளில் 40 மைலுக்கு மேல் என்று அறிவிப்பு வந்தால் நான் பள்ளத்தாக்கைத் தாண்டுவதில்லை.

பனிப்பொழிவில் பிவ்வி வேறு கதை. 1971 நவம்பரில் கேர்ன்கார்ம் பீடபூமியில் எடின்பரோ பள்ளிக் குழு ஒன்று, போய்ச் சேர வேண்டிய குடிசையைப் பனிப்புயலில் எட்ட முடியாமல் திறந்தவெளியில் இரண்டு இரவு கிடந்தது. 5 மாணவர்களும் வழிகாட்டியாக வந்த 18 வயதுப் பெண்ணும் இறந்துபோனார்கள். பெய்யும் பனி பையை மூடும், மூச்சுத் துவாரத்தை அடைக்கும், உதறிவிட எழுந்தால் உள்ளே கொட்டும். பனியில் இரவு தங்க முறையாகப் பயிற்சி வேண்டும். அதைக் கட்டுரை படித்துக் கற்றுக்கொள்ள முடியாது.

ஸ்லீப்பிங் பேக் இறகா, செயற்கைப் பஞ்சா?

காய்ந்திருக்கும்வரை இறகுதான் ராஜா. ஈரமானால் உப்பல் அடங்கி வெறும் துணியாகிவிடும். தொடர்மழையில் இரண்டு மூன்று இரவு என்றால் செயற்கைப் பஞ்சு எடுங்கள், 300 கிராம் கூடுதலாகச் சுமப்பதில் தப்பில்லை. பிவ்வி பை வாங்கும்போது உங்கள் ஸ்லீப்பிங் பேக்கையும் மேட்டையும் கடைக்கு எடுத்துப் போய் உள்ளே வைத்துப் பாருங்கள். பை இறுக்கமாக இருந்தால் உப்பல் அமுங்கி, குளிர் அந்த இடத்தில் குத்தும். தரை உறிஞ்சும் சூடுதான் பெரிது, அதனால் மேட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். வசந்தத்துக்கும் இலையுதிர்காலத்துக்கும் மேட்டின் ஆர் மதிப்பு (சூட்டைத் தரைக்கு விடாமல் தடுக்கும் அளவு) 3-க்கு மேல் இருக்கட்டும்.

படுத்துக்கொண்டே அடுப்பு பற்றவைக்கலாமா?

பைக்குள்ளோ, நாலு பக்கமும் அடைத்த தார்ப்பாய்க்குள்ளோ ஒருபோதும் கூடாது. அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணமில்லை. திறந்த பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் வைத்துச் சமையுங்கள். படுக்கும் முன் ஏதாவது கொழுப்பும் இனிப்புமாகச் சாப்பிடுங்கள்; என் ரக்சாக்கில் கடலை மிட்டாய் இல்லாமல் இருந்ததில்லை. வெந்நீரைக் கெட்டியான பாட்டிலில் ஊற்றித் தொடைகளுக்கிடையே வைத்துக்கொண்டால் மூன்று மணி நேரம் சொர்க்கம்.

மிட்ஜ் பூச்சி என்கிறார்களே?

கொசுவைவிடப் பொடிசு, தூள் உப்பு மாதிரி. மே முதல் செப்டம்பர் வரை மேகமாக வரும். மணிக்கு 7 மைலுக்கு மேல் காற்று அடித்தால் பறக்காது, அதனால் அதைப் பொறுத்தவரை மோசமான வானிலையே நல்ல வானிலை. வலையில்லாத பிவ்வி பையோடு ஜூலை மாதத்தில் இங்கே படுத்தவர் மறுபடி படுக்கமாட்டார். பையில் வலை இல்லாவிட்டால் தலைக்கு ஒரு வலை, விளிம்புள்ள தொப்பிக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள், முகத்தில் ஒட்டாமல் இருக்கும்.

ராத்திரி ஒன்றுக்கு வந்தால்?

போய்த்தான் ஆக வேண்டும். அடக்கிக்கொண்டு கிடந்தால் குளிரும் போகாது, தூக்கமும் வராது. அகன்ற வாய் பாட்டில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. குடிநீர் பாட்டிலோடு மாறிவிடாமல் மூடியில் டேப் ஒட்டி வையுங்கள், இருட்டில் விரலால் தடவினாலே தெரியும்.

ஓர் இரவு சமாளித்துவிட்டேன். இரண்டாவது இரவு?

அங்கேதான் சோதனை. முதல் இரவில் பஞ்சுக்குள் ஏறிய ஈரம் அப்படியே சுருட்டப்பட்டு அடுத்த இரவுக்கு வரும். பகலில் பத்து நிமிடம் மழை விட்டாலும் நடையை நிறுத்தி, ஸ்லீப்பிங் பேக்கை வெளியே எடுத்துக் காற்றில் பிடியுங்கள். வெயில் தேவையில்லை, காய்ந்த காற்று போதும். மூன்று இரவு தொடர்மழை என்றால் நான் நடுவில் ஒரு கூரையைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுவேன். மவுன்டன் பாதீஸ் அசோசியேஷன் 1965 முதல் பூட்டில்லாத மலைக்குடிசைகளைப் பராமரிக்கிறது, சுமார் நூறு இருக்கின்றன. காசு கிடையாது, மின்சாரமும் கிடையாது. ஆனால் போய்ச் சேரும்போது இடம் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

எப்போது கைவிட்டுத் திரும்ப வேண்டும்?

ஜிப்பைப் பிடிக்க விரல் ஒத்துழைக்கவில்லை, பேச்சு குழறுகிறது, கால் தடுக்குகிறது, சிடுசிடுப்பு வருகிறது என்றால் உடல் வெப்பம் இறங்குகிறது என்று பொருள். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அந்த ஆள் சொல்வார், கேட்காதீர்கள். காய்ந்த உடை, அடியில் மேட், மேலே பை, நினைவு தெளிவாக இருந்தால் சூடாக இனிப்பு பானம். மது வேண்டாம், கைகாலைத் தேய்க்கவும் வேண்டாம். நடுங்கிக்கொண்டிருந்தவர் உடல் சூடாகாமலே நடுக்கத்தை நிறுத்தினால் நிலைமை முற்றுகிறது. 999 அழைத்து போலீஸ் கேட்டு, அவர்களிடம் மவுன்டன் ரெஸ்க்யூ என்று சொல்ல வேண்டும். சிக்னல் மெலிந்த இடத்தில் 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், ஆனால் அந்தச் சேவைக்கு வீட்டிலிருந்தே எண்ணைப் பதிந்து வைத்திருக்க வேண்டும். விசிலாக இருந்தால் ஒரு நிமிடத்தில் ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

எங்கே வேண்டுமானாலும் படுக்கச் சட்டம் அனுமதிக்கிறதா?

ஸ்காட்லாந்தில் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, வீடுகளையும் பயிர்நிலத்தையும் விட்டு விலகி, தடயம் விடாமல் தங்கலாம். லாக் லோமண்ட் தேசியப் பூங்காவின் சில பகுதிகளில் மட்டும் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை அனுமதிச்சீட்டு வேண்டும். வெஸ்ட் ஹைலேண்ட் வே என்ற நெடுந்தூர நடைபாதையில் போகிறவர்கள் இதில் மாட்டுவார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக நிலச் சொந்தக்காரரின் ஒப்புதல் தேவை. தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் பொதுநிலம் விதிவிலக்கு, ஒப்புதலின்றி அங்கே தங்கும் உரிமையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இது உதவுமா?

பெங்களூர் நண்பர்கள் இதைக் கேட்காமல் விடுவதில்லை. பருவமழைக் காலத்து வெப்பத்தில் பிவ்வி பை இட்லிக் கொப்பரையேதான். அட்டை வேறு. வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் தங்கவே முடியாது, யானை நடமாடும் இடத்தில் தரையில் படுப்பதும் புத்தியில்லை. இமயமலை உயரங்களுக்கு வேண்டுமானால் எடுத்துப் போங்கள்.

முதல்முறை எங்கே படுத்துப் பார்ப்பது?

வீட்டுப் பின்புறத் தோட்டத்தில். நல்ல நாளாகப் பார்க்காமல், மழை கொட்டும் நாளாகப் பாருங்கள். தார்ப்பாயை டார்ச் வெளிச்சத்தில் கட்டி, நான் சொன்ன வரிசையில் ஏறி, விடியும்வரை கிடந்து பாருங்கள். எங்கே ஒழுகுகிறது, எந்த ஜிப் சிக்குகிறது எல்லாம் ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். வீட்டில் இருப்பவர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் படுத்ததில், அதிகாலை நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னல் வழியாக டார்ச் அடித்து, ‘உயிரோடு இருக்கிறாயா தம்பி’ என்ற பொருளில் ஏதோ ஸ்காட்டிஷ் ஆங்கிலத்தில் கத்தினார். இருக்கிறேன் என்று பைக்குள்ளிருந்து கையை ஆட்டினேன்.